புடவை மூட்டையும் பாட்டுப் புத்தகமும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தெமோதரைக்கு ரயிலில் வந்து இறங்கும் பயணிகளைத் தோட்டப் பாதை வழியே ஒன்பது வளைவுப் பாலம் வரை கூட்டிப்போய், நம் மக்களின் கதையைச் சொல்லும் தொழிலைத் தனியாளாகத் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் எல்லாவற்றிலும் இறங்கலாமா, ஒன்றோடு நிற்கலாமா என்றும் கேட்டிருந்தாய். உன் ஆட்கள் எங்கெங்கே கூடுகிறார்களோ அங்கெல்லாம் போ. ஆனால் அங்கேயே குடியேறிவிடாதே. அங்கே சந்தித்தவர்களை உன் வாசலுக்குக் கூட்டிவரத்தான் அந்தப் பயணம்.

இதை நம் இலங்கை மலையகத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர், பதுளைக்கு ரயில் வந்த அதே 1924-ல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியவர். அவர் பேச விரும்பிய தோட்டத் தொழிலாளர்களோ லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தார்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க அதை நடத்தும் தொரையின் அனுமதி வேண்டும். லயத்தில் பலருக்கு எழுத்தும் தெரியாது. அச்சடித்த பத்திரிகை அந்த இரண்டு சுவரையும் தானாகத் தாண்டாது. ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு மூட்டையோடு தோட்டங்களுக்குள் போனார். துண்டுப் பிரசுரம் போட்டார், கூட்டம் கூட்டினார், அதிகாரத்தில் இருப்பவர்கள் படிக்க ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார். அவருடைய துணைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டி, மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாடினார். அவை சிறு புத்தகங்களாகவும் வெளிவந்தன. படிக்கத் தெரியாத ஒருத்தி கேட்ட பாட்டைக் கொழுந்து எடுக்கும்போது முணுமுணுத்தால், பக்கத்து நிரையில் நிற்பவளுக்கும் அது போய்ச் சேரும். இத்தனை வழியிலும் அவர்கள் சொன்ன செய்தி ஒன்றேதான். கேட்பவரைப் பார்த்து அதன் உருவத்தை மட்டும் மாற்றினார்கள். அப்படித் திரண்டவர்களைக் கொண்டுதான் 1931-ல் நடேசய்யர் தொழிற்சங்கம் அமைத்தார். பத்திரிகை வாசகர், பாட்டுக் கேட்டவர், கூட்டத்துக்கு வந்தவர் எல்லோரும் வந்து சேர ஒரு வாசல் கிடைத்தது.

அவர் போராடியது உரிமைக்காக, நான் செய்வது வியாபாரம் என்பாய். நோக்கம் வேறுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர் இருக்கும் இடத்தை அறிவது இரண்டுக்கும் பொது. தெமோதரை ஸ்டேசனையே எடுத்துக்கொள். ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகிறது. செங்குத்தான சரிவில் ரயில் இறங்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை தோன்றியது என்று செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. மேலே நின்ற ரயில் சிறிது நேரத்தில் கீழே தோன்றுவது டிக்டாக்குக்கு அரை நிமிடம். சரிவின் கணக்கும் தலைப்பாகைக் கதையும் யூடியூப்புக்குப் பத்து நிமிடம். எத்தனை மணிக்கு வந்தால் ரயிலைப் பார்க்கலாம் என்பது கூகுள் மேப்பில் நான்கு வரி. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு அதே கதை நம் பேச்சுத் தமிழில் ஒரு குரல்பதிவு. ஒரு நாள் உழைப்பு நான்கு இடத்துக்குப் போகிறது. ஒரே வீடியோவை நான்கு இடத்திலும் ஒட்டினால் உழைப்பு மிச்சம்தான், பார்ப்பவர்தான் மிஞ்சமாட்டார்.

தனியாளுக்கு இவ்வளவு முடியுமா என்ற கேள்வி நியாயமானது. நடேசய்யருக்கும் துணையாக மீனாட்சியம்மாள் இருந்தார். எனவே முதல் ஆறு மாதம் கூகுள் மேப்போடு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள். ஒன்றில் கை பழகிய பிறகு அடுத்தது. ஆனால் 'ஒன்றே போதும், கூட்டத்தை அதுவே கொண்டுவரும்' என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். 2020 ஜூன் 29 அன்று இந்தியா டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் சேர்த்த கூட்டம் அதோடு போயிற்று. நம் நாட்டிலும் 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த முடக்கங்கள் சில மணி நேரமோ சில நாட்களோதான். என்றாலும், பாலத்தருகே உனக்காகக் காத்திருக்கும் பயணிக்கு 'மழை, நாளைக்கு வாங்க' என்று சொல்ல அந்தச் சில மணி நேரத்தில் உன்னிடம் என்ன வழி இருந்திருக்கும்?

ஆகவே வருகிறவர் ஒவ்வொருவரிடமும், அவர் சம்மதித்தால், பெயரையும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கி ஒரு கொப்பியில் எழுதிவை. எந்த வழியாக உன்னைக் கண்டுபிடித்தார் என்பதைப் பக்கத்திலேயே குறி. ஐம்பது பேர் சேர்ந்ததும் அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் எண்ணிப் பார்த்து எனக்கு எழுது. அடுத்து எங்கே போகலாம் என்று அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்