வாசனையும் நித்திய நியமமும்

சித்தாந்த நூல்களைப் பயில்வோர்க்கு ஒருநாள் தோன்றற்பாலதோர் ஐயத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். பதி பசு பாசங்களின் இலக்கணத்தைப் பிழையற எடுத்துரைக்க வல்ல ஒருவன், பாடம் முடிந்து அரை நாழிகை கழியுமுன், சோற்றில் உப்புக் குறைந்ததென்று பரிசாரகன்மேற் சீறுகின்றான். அவன் கற்றதும் பொய்யன்று, சீறியதும் பொய்யன்று. இவ்விரண்டும் ஓருயிரின்கண் ஒருங்கு நிற்குமாறு யாங்ஙனம்? அறிவு வந்துழி அறியாமை அகல வேண்டுமன்றோ? இதற்கு விடை கூறுமுன், எம் குற்றம் ஒன்றனை முன்வைத்தல் முறையாகும்.

யாம் சாத்திரப் பாடஞ் சொல்லத் தொடங்கி முப்பதாண்டுக்கு மேலாயிற்று. அண்மைக்காலம் வரை, வைகறையிற் கண்விழித்தவுடன் எம் கை முதற்கண் நாடியது திருநீற்றுச் சம்புடத்தையன்று. தலைமாட்டிற் கிடந்த கைப்பேசியையே. யாரோ எவர்க்கோ விடுத்த செய்திகளை யெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். இது தகாதென்பது எமக்குத் தெரியாததன்று. காலையில் அங்ஙனங் கழித்துவிட்டு, அன்று மாலையே மாணாக்கர்க்கு வாசனாமலத்தைப் பற்றி விரிவுரை செய்ததும் உண்டு. ஆதலின் இவ்வாராய்ச்சி பிறரைத் திருத்தப் புகுந்ததென்று அன்பர்கள் கொள்ளற்க.

சிவஞானபோதம் ஒன்பதாஞ் சூத்திரத்து மூன்றாம் அதிகரணம் இவ்விடத்தையே தொடுகின்றது. ஞானம் விளங்கிய பின்னரும், வேம்பிற் பழகிய புழு அவ்வேம்பையே நாடுமாறுபோல, உயிர் தான் முன்பு நோக்கியதனையே மீட்டும் நோக்குமென்பதும், அது நீங்குதற்பொருட்டே திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுதல் வேண்டப்பட்டதென்பதும் ஆண்டுப் பெறப்படும். இதன்கட் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுளது. இவ்வோதல் ஈண்டு விதிக்கப்பட்டது அறியாதானுக்கன்று, அறிந்தானுக்கே. கரும்பு இனிதென்று கேளாமையாற் புழு வேம்பை நாடுகின்றதில்லை. அதன் வாயும் வயிறும் கசப்பிலே ஊறிப்போயின, அதனாலே நாடுகின்றது. அதற்குக் கரும்பின் இனிமையைப் பற்றி இன்னும் பத்துப் பாடஞ் சொல்லுதலாற் போந்த பயன் என்னை? நாள்தோறுஞ் சிறிது சிறிதாகக் கரும்பைத் தின்னச் செய்தலன்றோ வழி? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னுங் கொள்கையை உடன்பட்டோர்க்கு இஃது அரிய செய்தியன்று. ஆயினும் யாம் அக்கொள்கையைப் பரீட்சைக்கு விடையெழுதப் பயன்படுத்தும் அளவிற்கு, வைகறையில் எழுந்திருப்பதற்குப் பயன்படுத்துகின்றோமில்லை.

வழக்கம் ஊன்றுதற்கு எத்துணை நாள் செல்லும் என்பதனை இக்கால உளநூலார் அளந்து பார்த்துள்ளனர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த பிலிப்பா லாலி என்னும் அம்மையாரும் அவர்தந் துணைவரும் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் 96 பேர் கலந்துகொண்டனர். காலையுணவின் பின் நீரருந்துதல், பகலுணவோடு கனியுண்டல் போன்ற ஒரு சிறு செயலை, அன்றாடம் நிகழும் வேறொரு செயலோடு பிணைத்து, 84 நாள் செய்துவரும்படி ஒவ்வொருவரும் பணிக்கப்பட்டனர். நினைவின் ஏவலின்றிச் செயல் தானே நிகழும் நிலை, நடுத்தர அளவில் 66 நாளில் வருமென்று தெரிந்தது. ஆயின் ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப, 18 நாள் முதல் 254 நாள் வரை அது வேறுபடுமென்றுங் கணக்கிட்டனர். இருபத்தொரு நாளிற் பழக்கம் படிந்துவிடுமென்று பலருஞ் சொல்லித் திரிவது இவ்வளவையால் நிலைபெறவில்லை. நம் முன்னோர் மருந்துக்கும் நோன்புக்கும் ஒரு மண்டலமென 48 நாள் வகுத்தமை இதனினும் பொறுமையுடையது. இவ்வாராய்ச்சியில் எம்மைத் தேற்றியது பிறிதொன்று: இடையில் ஒருநாள் தவறினமையாற் பழக்கம் ஊன்றுதல் பெரிதுங் கெடவில்லை யென்பது. ஒருநாள் நியமம் வழுவியவுடன் எல்லாம் போயிற்றென்று மனமுடைந்து, மறுநாளும் அதனைக் கைவிடும் நல்லோர் பலரை மடங்களிற் கண்டிருக்கின்றாம்.

ஒரு செயலோடு மற்றொரு செயலைப் பிணைத்தல் என்றாமே, அதுதான் நித்திய கருமத்தின் அமைப்பு. ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையின் இரண்டாம் புத்தகத்தில் நித்திய கருமத்திற்கென்று தனியோர் இயல் வகுத்து, சூரியன் உதித்தற்கு ஐந்து நாழிகை, அஃதாவது இரண்டு மணி நேரம், இருக்கும்போதே துயிலெழுதல் வேண்டுமென்று தொடங்குகின்றார். எழுதலைத் தூய்மை தொடரும். நீராடலைத் திருநீறணிதல் தொடரும். அதனை ஐந்தெழுத்து ஓதல் தொடரும். முன்னது முடிந்ததே பின்னதற்கு அழைப்பாம். இன்று செய்வதா வேண்டாவா என்று மனம் தருக்கஞ் செய்தற்கு இடையில் இடமே விடப்படவில்லை. இதனைப் பொருளறியாச் சடங்கென்று இகழ்வார், தம் அன்றாட வாழ்க்கை எச்சடங்கினால் நடக்கின்றதென்று ஒருநாள் உற்று நோக்குவாராக. எம்முடைய சடங்கு கைப்பேசியாயிருந்ததை முன்னரே சொன்னாம்.

அற்றேல், இவையெல்லாம் உயிரின் முயற்சியேயன்றோ? முயற்சி மிக மிக யான் செய்தேன் என்னுஞ் செருக்கும் மிகாதோ எனின், இத்தடை வலியுடைத்து. இதற்குச் சான்றாக நம் சமயத்தோடு தொடர்பிலாத ஒருவர் வரலாறு வாய்த்திருக்கின்றது. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் அச்சுத்தொழில் நடத்திப் பின்னர் அரசியலிலும் அறிவியலிலும் பெயர்பெற்ற பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790), இளமையிற் குற்றமே இன்றி வாழத் துணிந்தார். நன்று தீது தமக்குத் தெரியுமாதலின் அஃது எளிதென்றே முதலில் எண்ணினார். ஒரு குற்றத்தைக் காவல் செய்துகொண்டிருக்கையில் மற்றொன்று பழக்க வலியால் உட்புகுவது கண்டு, அறிவு தானே சாலாதென்று தெளிந்தார். புழுவின் செய்தியை அவரும் தம் வழியிற் கண்டாரென்க.

பின்னர் அவர் பன்னிரண்டு நற்குணங்களைத் தெரிந்து, சிறு புத்தகம் ஒன்றிற் பக்கத்திற்கு ஒரு குணமாக எழுதி, சிவப்பு மையால் ஏழு நாட்கும் கோடுகள் இட்டு, வழுவிய இடத்திற் கரும்புள்ளி வைத்துவந்தார். அவர் செருக்குடையவரென்று பிறர் கருதுவதை நண்பரொருவர் எடுத்துச்சொல்லவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். வாரத்திற்கு ஒரு குணமாக 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. பழம்புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாய்ப் போகவே, தந்தத் தகடுகளிற் கோடிட்டு, கரிக்கோலால் இட்ட புள்ளிகளை ஈரப்பஞ்சாற் றுடைத்துக்கொண்டார். பொருள்களை ஒழுங்குற வைத்தல் அவர்க்குக் கடைசிவரை கைவரவில்லை. எனினும் முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையினும் தாம் நல்லவராயும் இன்பமுடையவராயும் ஆனதாக முதுமையிற் கூறினார். பணிவைப் பற்றியோ, அதன் தோற்றத்தையே பெற்றதாகவும், உண்மையிற் பெற்றோமென்று எண்ண நேரின் அப்பணிவைக் குறித்தே செருக்கக்கூடுமென்றும் ஒளிவின்றி எழுதிவைத்தார். மலங்களுள் மூலமலத்தைப் பெயரறியாது தொட்டவர் அவர் என்பது எம் கருத்து. பன்னிரண்டு குற்றங்களைப் புள்ளியிட்டு எண்ணலாம். எண்ணுகின்றவனை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலை வற்புறுத்தியது இதுபற்றியே. வைகறையில் எழுதல் எம் வளர்ச்சிக்கென்று கொண்டவிடத்து அது யான் எனதென்னும் மரத்திற்கு நீர் பாய்ச்சும். பணியென்று கொண்டவிடத்து அதே செயல் அம்மரத்தின் வேரை அறுக்கும். செயலிரண்டும் புறத்தே ஒன்றுபோல் இருத்தலின், வேறுபாட்டைப் பிறர் காணார். தாமுங் காண்டல் அரிது. கணக்கு வேண்டாவோ எனின், தொடக்கத்தில் வேண்டும், கன்றுக்கு வேலி போல. நெடுநாள் வைத்திருத்தல் ஆகாது.

எமக்கு நேர்ந்ததைச் சொல்லி அமைவாம். கைப்பேசியை இரவில் அடுத்த அறையில் வைத்து, அதிருந்த இடத்திற் சம்புடத்தை வைத்தாம். நாள்தோறும் குறிப்பேட்டிற் புள்ளியும் இட்டாம். முதல் வாரத்தில் மும்முறை எழுந்து அடுத்த அறைக்குச் சென்றதுண்டு. நாற்பதாம் நாளளவில், எம்மைக் காணவந்த அன்பரொருவர்க்கு அக்குறிப்பேட்டை எடுத்து விரித்து, புள்ளியற்ற பக்கங்களை ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொண்டிருந்தாம். அவர் விடைபெற்றுச் சென்ற பின்னரே யாம் செய்தது இன்னதென்று எமக்குப் புலனாயிற்று. அன்றிரவே குறிப்பேட்டை அகற்றினாம். கைப்பேசி இன்றும் அடுத்த அறையிலேதான் கிடக்கின்றது.