ஒரு விசிலுக்கு எத்தனை புள்ளி?

கபடி மேட்ச் முடிஞ்சதும் நம்ம கேன்டீன்ல என்ன பேச்சு ஓடும்? பாதி நேரம் "அம்பயர் கவுத்துட்டாருடா" என்பதுதான். வில்லியனூர், பாகூர் பக்கம் ஊர்ப் போட்டிகளிலும் இதே புலம்பலைக் கேட்கலாம். அவர் கவுத்தாரா இல்லையா என்பதை விடுங்க. நடுவரின் ஒரு முடிவு கபடியில் ஏன் இவ்வளவு கனமாக விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு முடிவு, மூன்று மாற்றங்கள்

இரண்டு பக்கமும் 6 பேர் நிற்கிறார்கள். ரெய்டர் யாரையும் தொடாமல் திரும்புகிறார். ஆனால் அம்பயர் 'டச்' கொடுத்துவிட்டார். என்ன ஆகும்? எதிரணிக்கு 1 புள்ளி. உங்க ஆள் ஒருவர் வெளியே. அவுட் ஆகி உட்கார்ந்திருந்த அவங்க ஆள் உள்ளே. 6-6 என்று இருந்த களம் ஒரே நொடியில் 5-7.

ஐஸ் ஹாக்கியில் சின்னத் தப்புக்கு ஒருவரை 2 நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். நேரம் முடிந்தால் திரும்பி வரலாம். கபடியில் அந்த நேரக் கணக்கு கிடையாது. உங்க அணி புள்ளி எடுத்தால்தான் அவர் வருவார். ஆள் குறைந்தால் புள்ளி எடுப்பது கஷ்டம். புள்ளி எடுக்காவிட்டால் ஆள் வரமாட்டார். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்ச பாசிட்டிவ் ஃபீட்பேக் இதுதான். ஆல் அவுட் வரை போனால் கூடுதலாக 2 புள்ளி போகும்.

ஹாங்சோ ஃபைனல்

2023 அக்டோபர் 7, ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப் போட்டி. இந்தியா 28, ஈரான் 28. ஒரு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. பவன் செஹ்ராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போய்விட்டார். ஈரான் டிஃபெண்டர்களும் அவர் பின்னாலேயே லாபிக்குள் போனார்கள். பழைய விதிப்படி அவர்களும் அவுட். புரோ கபடியில் வந்த புது விதிப்படி ரெய்டர் மட்டும் அவுட். எது செல்லும்? முடிவு மாறி மாறி வந்தது, இரண்டு அணிகளும் மாறி மாறி எதிர்த்தன. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது.

கவனிங்க: அங்கே பிரச்சினை நடுவரின் கண்ணில் இல்லை. எந்த விதி என்பதில் எல்லோருக்கும் ஒரே புரிதல் இல்லை.

நம்ம சத்தமும் ஒரு காரணம்

2002-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே மேட்ச் வீடியோவைக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக 15 சதவீதத்துக்கு மேல் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். யாரும் அவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை. சந்தேகமான இடத்தில், கூட்டத்தின் கத்தல் முடிவைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. கோட்டை ஒட்டி நின்று நாம கத்துவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

நாம என்ன செய்யலாம்?

டிபார்ட்மென்ட் மேட்சில் சீனியர்தான் பெரும்பாலும் அம்பயர். அடுத்து அது நீங்களாகவும் இருக்கலாம். அதனால்:

- டாஸுக்கு முன்பே இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு லாபி, போனஸ், டூ ஆர் டை விதிகளை வாய்விட்டுச் சொல்லிடுங்க. 6 டிஃபெண்டராவது களத்தில் இருந்தால்தான் போனஸ் என்பதையும் சேர்த்து.
- இரண்டு அம்பயர்கள் எதிரெதிர்ப் பக்கம் நிற்கட்டும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் ரெஃப்ரி முடிவே கடைசி.
- ஆடும் டிபார்ட்மென்ட் ஆளை அம்பயராகப் போடாதீங்க.
- பார்வையாளர்களைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்துங்க.
- சந்தேகம் இருந்தால் கேப்டன் மட்டும் போய்க் கேட்கணும்.

விளையாட்டு கோட்டாவில் ஒரு சீட், ஒரு வேலை கிடைக்கும் என்று சர்டிஃபிகேட்டுக்காக ஆடுகிற பசங்க நம்ம கிராமங்களில் நிறைய. அவங்க ஒரு வருஷ பிராக்டிஸ், விதி தெரியாத ஒருத்தர் ஊதுற விசிலில் போகக் கூடாது. விசிலைக் கையில் வாங்கும் முன் விதிப் புத்தகத்தை ஒரு தடவையாவது முழுசாப் படிச்சிடுங்க.