சிறு தொழிற்சாலைகளும் கணினித் தகுதியும்

நார் மில், அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு முதலிய சிறு தொழில்கள் கிராமத்தில் நன்கு நடந்தால்தான், விவசாயி தன் விளைபொருளை உள்ளூரிலேயே நல்ல விலைக்கு விற்க இயலும். கணினியும் இணையமும் வந்தால் இலாபம் தானே பெருகும் என்று கருதி, இத்தொழில் நடத்துவோர் கடன் பெற்றுக் கருவி வாங்குதல் உண்டு. தகுதி அறியாது வாங்கிய கருவி மூலையில் கிடக்கும். தவணையோ நில்லாது ஓடும். தவணை நெருக்கினால், மட்டைக்கும் நெல்லுக்கும் விவசாயிக்குச் சேரவேண்டிய தொகை தாமதப்படும். ஆதலின் இஃது ஆலை உரிமையாளரின் கவலை மட்டுமன்று; ஊரின் கவலையுமாகும்.

தகுதி என்பது யாது?

தொழிற்சாலைகளின் தகுதியை அளக்கச் சிங்கப்பூர் அரசு 2017-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டது. செய்முறை, தொழில்நுட்பம், நிர்வாக அமைப்பு என்னும் மூன்று அடிப்படைகளின் மேல் 16 கூறுகளை அது ஆராய்கிறது. இம்மூன்றில் கருவி என்பது ஒரு பங்கே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வேலை ஒழுங்கும், வேலை செய்வோரின் பயிற்சியும் இல்லாத இடத்தில் கருவி பயன் தராது.

ஐந்து வினாக்கள்

நமது கிராமத் தொழில்களுக்கு ஏற்றவாறு கீழ்க்கண்ட ஐந்து வினாக்களைக் கேட்கலாம். இல்லை எனில் 0, ஓரளவு எனில் 1, முற்றும் எனில் 2 மதிப்பெண் இடுக.

1. வரவு, செலவு, இருப்பு ஆகியவை நாள்தோறும் எழுதப்படுகின்றனவா?
2. எடை, ஈரப்பதம், மின்செலவு ஆகியவை அளக்கப்படுகின்றனவா?
3. தடையற்ற மின்சாரமும் இணைய இணைப்பும் உண்டா?
4. உரிமையாளரைத் தவிர, கணினியோ செல்பேசியோ கொண்டு கணக்கிடத் தெரிந்தவர் இன்னும் ஒருவரேனும் உண்டா?
5. கணக்கின் மறுபடி வேறோர் இடத்தில் காக்கப்படுகிறதா? கடவுச்சொல் இரகசியமாக உள்ளதா?

மொத்தம் 3-க்குள் இருப்பின், முதலில் நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதப் பழகுவதே நன்று. 4 முதல் 7 வரை பெற்றவர் பில், இருப்பு ஆகியவற்றைச் செல்பேசியிலோ கணினியிலோ வைக்கத் தொடங்கலாம். 8-க்கு மேற்பட்டவர் இயந்திரத்தில் உணர்கருவி பொருத்துவது பற்றி ஆலோசிக்கலாம். முதல் வினாவுக்கு 0 பெற்றவர், மொத்தம் எவ்வளவாயினும் கருவிக்கெனக் கடன் வாங்கலாகாது.

அளவினால் வரும் பயன்

ஒரு நார் மில்லில் 1,000 கிலோ நார் எடுக்க 200 யூனிட் மின்சாரம் செலவாயிற்று எனக் கொள்வோம். சில வாரங்களில் அதே அளவு நாருக்கு 250 யூனிட் ஆகுமாயின், கத்திகள் தேய்ந்தனவா, பெல்ட் தளர்ந்ததா, மட்டையின் பதம் மாறியதா என ஆராய வேண்டும். நாளொன்றுக்கு 1,000 கிலோ எடுப்பின், 25 வேலை நாட்களில் வீணாவது 1,250 யூனிட். இதனை அறிய மீட்டரும் தராசும் பென்சிலும் போதும். இப்பழக்கம் ஊன்றிய பின் வரும் கணினி, அவ்வேலையை விரைவாக்கும்.

கணக்கு பணத்தையும் மீட்டுத் தரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு தொழிலாரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலம் உடன்பாடு செய்திருப்பினும் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் வட்டியும் தருதல் வேண்டும். பில்லும், சரக்கு ஏற்றுக்கொண்ட தேதியும் தெளிவாக இருப்பவரே இவ்வுரிமையை எளிதில் நிலைநாட்ட இயலும். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையவழி இலவசமாகச் செய்யப்படுகிறது. அதற்குக் கட்டணம் கேட்போரை நம்பற்க. இணைய மோசடியில் பணம் இழந்தோர் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் அவசியம்.

ஊராட்சியின் பணி

ஊராட்சி மன்றத்தார் தம் எல்லையிலுள்ள தொழில்களைப் பட்டியலிட்டு, மேற்கண்ட வினாக்களை உரிமையாளர்களுடன் அமர்ந்து கேட்டு எழுதலாம். பலருக்கும் மூன்றாவது வினாவில் குறை காணப்படின், அது மின்சாரம், இணைப்பு பற்றிய பொதுக் குறை. உரிய துறைக்குத் தீர்மானம் அனுப்பலாம். நான்காவதில் குறை காணின், படித்த இளைஞருக்கும் மகளிர் குழுவினருக்கும் கணக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யலாம். ஊரிலேயே வேலையும் உண்டாகும். ஆண்டுதோறும் ஒருமுறை இவ்வாறு அளந்து, சென்ற ஆண்டின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு வந்தால், எத்தொழில் முன்னேறுகிறது, எதற்கு உதவி தேவை என்பது சபையினர் அனைவருக்கும் விளங்கும்.