பழவேற்காட்டு மணலும் பழங்காசுகளும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆரணியாற்று வெள்ளம் ஏரியில் கலந்து, முகத்துவாரத்தின் வழியே கடலைச் சேரும் நாள்களில் பழவேற்காட்டு மணல் இடம் பெயரும். நேற்றுவரை மேடாயிருந்த இடம் இன்று பள்ளமாகும். அவ்வேளையில் இறால் தடவும் பெண்டிர் கையிலோ, வலை உதறும் மீனவர் காலடியிலோ பச்சை படிந்த சிறு வில்லை ஒன்று தட்டுப்படுவதுண்டு. அது செம்பா, பொன்னா, ஈயமா? சோழர் காசா, பறங்கியர் காசா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு முன்பே, அதனைப் புளியிட்டுத் தேய்ப்பதும், அடுத்த நாளே பழைய உலோகம் வாங்குவோரிடம் எடைக்குப் போடுவதும் நிகழ்ந்துவிடுகின்றன. அறியாமையால் இழப்பது சில ரூபாய் மட்டுமன்று. ஊரின் வரலாற்றுச் சான்று ஒன்றும் அதனோடு போய்விடுகிறது.

இவ்வூர் மணலில் பலநாட்டுக் காசுகள் கலந்திருப்பதில் வியப்பில்லை. விசயநகர அரசர் காலத்திலேயே இது பெருந்துறைமுகம். செம்புறைக் கல்லால் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயில் அக்காலத் தொடர்பை இன்றும் காட்டி நிற்கிறது. 1610-இல் வேங்கடபதிராயரிடம் உடன்படிக்கை பெற்று டச்சுக்காரர் இங்கே ஊன்றினர். 1613-இல் கெல்திரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றும் வரையில், சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு இதுவே தலைநகர். அக்கசாலை ஒன்றும் இங்கே நடந்தது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஆகவே அரசர் காசும் கம்பெனிக் காசும் ஒரே மணலில் கிடக்கின்றன.

வைணவ அன்பர்கள் முதலில் அறியத்தக்கது வராகன் என்னும் பொற்காசு. ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள இச்சிறு நாணயம் தென்னாட்டு வாணிகத்தின் உயிர்நாடியாயிருந்தது. கிருஷ்ணதேவராயரின் வராகனில் பாலகிருஷ்ணன் திருவுருவம் அமர்ந்த கோலத்தில் விளங்கும். டச்சுக்காரருக்கு இடமளித்த அதே வேங்கடபதிராயரின் வராகனில் திருவாசியின் கீழ் எம்பெருமான் நின்ற திருக்கோலத்தில் காட்சி தருகிறான். மறுபுறம் 'ஸ்ரீ வேங்கடேச்வராய நம' என்னும் நாகரி எழுத்து. திருமலையப்பனிடத்து அரசர் கொண்ட பக்திக்கு இது சிறு சான்றன்று. இதில் ஒரு விந்தையுமுண்டு. அரசர் மறைந்தபின் ஐரோப்பியக் கம்பெனிகளும் இத்திருவுருவத்தையே தம் வராகன்களில் பொறித்தன. மக்கள் பெருமாள் பொறித்த காசையே நம்பி வாங்கினர். வேற்றுச் சமயத்தாராகிய வணிகர்க்கும் அந்நம்பிக்கையை விட வழியில்லை. சென்னை ஆங்கிலேயர் அடித்த ஒருவகை வராகனில் பிராட்டிமார் இருவருடன் பெருமாள் எழுந்தருளியிருப்பதால் அதற்கு 'மூன்று சுவாமி வராகன்' என்றே பெயர். ஆதலின், பெருமாள் உருவம் இருப்பது கொண்டே ஒரு காசை விசயநகரத்தது என்று முடிவு கட்டலாகாது. மறுபுறத்தைப் பார்க்க வேண்டும். எழுத்திருப்பின் அரசர் காசாதல் கூடும். எழுத்தின்றிப் புள்ளி புள்ளியாய் மணல் தூவியது போலிருப்பின் பெரும்பாலும் பிற்காலக் கம்பெனிக் காசு. அப்புள்ளிகளின் நடுவே விண்மீன் இருப்பின் 18-ஆம் நூற்றாண்டின் 'நட்சத்திர வராகன்'.

இனி, உலோகம். உப்புநீரில் கிடந்த செம்பு பச்சையாகவோ கருமையாகவோ மாறும். வெள்ளி சாம்பல் கலந்த கருமை பெறும். ஈயத்தின்மேல் வெண்பொடி படியும். பொன் நிறம் மாறாது. ஆனால் தாழ்ந்த மாற்றுப் பொன்னில் கலந்த செம்பு கறுத்து ஏமாற்றும். எனவே கண்ணை மட்டும் நம்புதல் ஆகாது. உரைகல்லில் தேய்ப்பது காசின் உருவத்தைக் கெடுக்கும். தங்க முலாம் பூசிய செம்பையோ மேற்பூச்சளவில் பொன்னென்றே காட்டும்.

தேய்க்காமலே அறிய ஒரு முறை உண்டு. மில்லிகிராம் காட்டும் தராசில் காசை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பின் மெல்லிய நூலில் கட்டி, நீரில் முழுவதும் அமிழ்ந்து, பாத்திரத்தில் படாமல் தொங்கும்படி நிறுக்க வேண்டும். எடை குறையும். முதல் எடையைக் குறைந்த எடையால் வகுத்தால் வரும் எண்ணே உலோகத்தின் அடர்த்தி. தூய பொன்னுக்கு அது 19.3, ஈயத்திற்கு 11.3, வெள்ளிக்கு 10.5, செம்பிற்கு 9-க்குச் சற்றுக் குறைவு, பித்தளைக்கு ஏறத்தாழ 8.5. 3.4 கிராம் வராகன் நீரில் 0.2 கிராம் அளவே குறையுமானால் பொன், 0.38 குறையுமானால் முலாம் பூசிய செம்பு. மேலே ஒட்டிய சுண்ணாம்பும் மணலும் கணக்கைப் பிறழச் செய்யும் என்பதையும் மறத்தலாகாது.

செப்புக் காசுகளே மிகுதியாகக் கிடைப்பவை. பெரிய 'வி' எழுத்தின் இரு கால்களின்மேல் 'ஓ', 'சி' என்னும் எழுத்துகள் பின்னியிருந்தால் அது டச்சுக் கம்பெனியின் முத்திரை. அதன் மறுபுறம் கேடயமும் சிங்கமும் போன்ற சின்னங்களிருந்து, 1726-க்குப் பிற்பட்ட ஆண்டும் இருந்தால் அது நெதர்லாந்திலேயே அடித்துக் கப்பலேற்றிய 'டாயிட்' எனலாம். நிற்கும் மனிதன் ஒருபுறமும் அமர்ந்த உருவம் மறுபுறமும் உடையது இராசராசசோழன் காசு. ஆனால் இலங்கை அரசர் பலரும் இதே அமைப்பைப் பின்பற்றினர். அமர்ந்த உருவின் கையருகே உள்ள நாகரி எழுத்தைப் படித்த பின்னரே எந்நாட்டதென்று சொல்லலாம். ஈயக் காசு அதனினும் அரியது. சாதவாகனர் கப்பல் உருவம் பொறித்து வெளியிட்ட ஈயக் காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ளன. வலைக்குண்டு வார்ப்பவர் உருக்குமுன் இருபுறமும் ஒருமுறை பார்ப்பது நன்று.

விலை என்பது பழமையைப் பொறுத்ததன்று. 1808 என்று பொறித்த சென்னைக் கம்பெனியின் 10 காசு, 20 காசு நாணயங்கள் இருநூறாண்டு கடந்தவை, ஆயினும் மலிந்தவை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் அவற்றை அடித்து ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் அந்நாட்டுக் கரையருகிலேயே மணல்திட்டில் மூழ்கிற்று. 1980-களில் அதிலிருந்து இலட்சக்கணக்கான காசுகள் வெளிவந்து உலகச் சந்தையை நிறைத்தன. தேய்வின்மை, எழுத்துத் தெளிவு, கிடைப்பதன் அருமை, கிடைத்த இடம் பற்றிய உறுதி ஆகியவையே விலையைத் தீர்மானிக்கும்.

மோசடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். இராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'இராமர் காசு' வழிபாட்டுக்காக அடிக்கப்பட்டது. கடைவீதியில் செலவான நாணயமன்று. பூசையறையில் வைக்கத் தக்கது. இலட்சங்கொடுத்து வாங்கத் தக்கதன்று. 1818 என்னும் ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பெயரும் இராமர் உருவமும் கொண்ட செப்புக்காசுகளைக் கம்பெனி அடித்ததேயில்லை. அரிசியை ஈர்க்கும் செம்பு, இரிடியம் கலந்த காசு என்று சொல்லி முன்பணம் கேட்போர் எவராயினும் ஏமாற்றுவோரே. எந்தக் காசும் அரிசியை ஈர்ப்பதில்லை. கடன்பட்ட மீனவர் இல்லம் இத்தகையோர்க்கு எளிதில் இரையாகிறது என்பது வருந்தத்தக்கது.

புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் வேண்டா. நல்ல நீரில் ஊறவிட்டு, மணலை மென்மையாக நீக்கி, நிழலில் உலர்த்துவதே போதும். பச்சைப் படிவம் காசின் மேல்தோல். அதை உரித்தால் எழுத்தும் உடன் போம். மண்ணில் புதைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அச்சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உரிமை கோருவோர் இல்லையெனில் கண்டெடுத்தவர்க்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குடையவர்க்கு ஒரு பங்கும் உண்டு. அரசே எடுத்துக்கொள்ளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரப்படும். மறைத்தவர்க்கே பங்கும் போய்த் தண்டனையும் வரும். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தென்னாட்டு நாணயத் தொகுதி உள்ளது. ஐயமுள்ள காசை அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டறியலாம். கொண்டு செல்வோர் ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையிலிட்டு, எந்தக் குப்பத்தருகே, எந்நாளில், ஏரிப்புறத்திலா கடற்புறத்திலா, எத்தனை காசுகளோடு கிடைத்தது என்பதை உறையின் மேலேயே எழுதிவிடுதல் வேண்டும்.