இருவர் வைத்த மரம்



"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்ற பழமொழியைக் கேட்டிருக்கீங்களா? ஆனால், ஒருத்தர் வைத்த மரத்துக்கு வேறு ஒருத்தர் தண்ணீர் ஊற்றினால்? அப்படி ஒரு கதை நம்ம அபுதாபியில் நடந்தது. இந்தக் கதையில் மரம் ஒரு வீடியோ கேம். அதன் பெயர் குரோடோபியா.

விதை போட்டவர்கள்

சேத் ராபின்சன் ஜப்பானில் வாழ்பவர். மைக் ஹாம்மல் அமெரிக்காவில் வாழ்பவர். இருவருக்கும் ஆளுக்கு ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. சேத் 1989-லேயே ஒரு விளையாட்டைச் செய்தவர். அப்போது தொலைபேசிக் கம்பி வழியாக வேறொரு கணினியோடு இணைந்துதான் அதை விளையாடணும். திரையில் பெரும்பாலும் எழுத்துகள்தான் இருக்கும்!

இருவரும் சேர்ந்து குரோடோபியாவை உருவாக்கினார்கள். 2012 கடைசியில் அது ஆண்ட்ராய்டு தொலைபேசிகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஐபோனுக்கும் வந்தது.

கதவு காய்க்கும் மரம்

இந்த விளையாட்டில் கல்லுக்கும் விதை உண்டு, கதவுக்கும் விதை உண்டு. விதை போட்டுக் காத்திருந்தால் மரம் வளரும். இரண்டு விதைகளைச் சேர்த்தால் புது மரம் முளைக்கும். உங்க உலகத்தை நீங்களே கட்டலாம். மற்றவர்கள் அதை உடைக்காமல் இருக்க, உலகப் பூட்டு வாங்கிப் போடணும்.

அந்தப் பூட்டு எல்லாருக்கும் தேவைப்பட்டது. அதனால் விளையாடுபவர்கள் அதையே காசு மாதிரி கொடுத்துப் பொருள் வாங்கத் தொடங்கினார்கள். காசு வந்ததும் ஏமாற்றுபவர்களும் வந்துவிட்டார்கள்!

தண்ணீர் ஊற்றுபவர்கள்

குரோடோபியா சர்வரில் ஓடுகிறது. சர்வர் நின்றால் யாரும் உள்ளே போக முடியாது. ஏமாற்றுபவர்களைத் தடுக்கணும். தினமும் பிழைகளைத் திருத்தணும். ஆட்கள் கூடக் கூட வேலையும் கூடும். இரண்டே பேர் எவ்வளவுதான் செய்வார்கள்?

பிரான்ஸ் நாட்டு நிறுவனமான யூபிசாஃப்ட், 2011-ல் அபுதாபியில் ஒரு கிளை திறந்தது. அது டூஃபோர்54 என்ற ஊடக வளாகத்தில் தொடங்கியது. ஏன் இந்தப் பெயர் தெரியுமா? அபுதாபி வடக்கு அட்சரேகை 24, கிழக்குத் தீர்க்கரேகை 54 பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தில் தேடிப் பாருங்க!

2014-ல் அபுதாபிக் குழு ஒரு துப்பறியும் விளையாட்டைச் செய்தது. அதில் ஒளிந்திருக்கும் பொருள்களைக் கண்டுபிடிக்கணும். 2017-ல் யூபிசாஃப்ட் குரோடோபியாவை விலைக்கு வாங்கியது. அன்று முதல் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அபுதாபிக்கு வந்தது.

சேத்தும் மைக்கும் அந்த மரத்தை வைத்தார்கள். நம்ம ஊரில் இருப்பவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு விளையாட்டைச் செய்வது பாதி வேலை. அதைக் காப்பாற்றுவது மீதி வேலை.

சொல் அறிவோம்

கிளை – மரத்தின் கொப்பு. நிறுவனத்தின் ஒரு பிரிவு
வளாகம் – பல கட்டடங்கள் சேர்ந்த இடம்
துப்பறிதல் – மறைந்த உண்மையைத் தேடிக் கண்டுபிடித்தல்

பதில் சொல்லுங்க

1. உலகப் பூட்டு ஏன் காசு மாதிரி ஆனது?
2. 'கிளை' என்ற சொல்லை இரண்டு பொருளிலும் வைத்து இரண்டு வாக்கியம் எழுதுங்க.
3. நீங்க ஆசையாகச் செய்த ஒன்றை, நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வேறொருவரிடம் கொடுப்பீங்களா? ஏன்? வீட்டில் அம்மா, அப்பாவிடம் பேசிவிட்டு வகுப்பில் சொல்லுங்க.