எடைக்கேற்ற மருந்து

கேள்வி: பெரியவர்கள் வார்டில் பல்லாண்டு பணியாற்றிய செவிலியருக்கு, குழந்தைகள் வார்டில் மருந்தளவு கணக்கிடுகையில் தயக்கம் வருவது திறமைக் குறைவா?

பதில்: இல்லை. செவிலியத் துறை அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இல் விளக்கிய, புதியவர் முதல் வல்லுநர் வரையிலான ஐந்து படிநிலைகளின்படி, தேர்ந்த செவிலியரும் பழகாத பிரிவில் முதற்படியில் நிற்கக்கூடும். பணிமூப்பு குழந்தையின் எடையைச் சொல்லித் தராது. கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால் எனில் 8 கிலோ குழந்தைக்கு 120 மி.கி.; 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 5 மி.லி. என எழுதிக் கணக்கிட்டபின், விடையைக் காட்டாமல் சக செவிலியரையும் தனியே கணக்கிடச் செய்து ஒப்பிடுவதாகிய இரட்டைச் சரிபார்ப்பே நம்பிக்கையை வளர்க்கும். இப்படிச் சரிபார்க்க நேரம் விடாத பணிச்சுமையோ தனிமனிதத் திறனால் மட்டும் தீர்வதன்று என்பதால்தான், கலிஃபோர்னியாவில் 2004 முதல் குழந்தைகள் வார்டில் ஒரு செவிலியருக்கு நான்கு நோயாளிகளே உச்சவரம்பு. ஐயம் எழுந்தால், மருந்து தருமுன் கேட்டுவிடுக.