மழைக்கு முன் மொட்டை மாடி

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஒழுக ஆரம்பித்த பிறகு கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் ஈரத்தில் பூச்சு பிடிக்காது. செப்டம்பர் வெயிலே மாடியைச் சரிசெய்யத் தோது.

முதலில் மழைநீர்க் குழாய் வாயில் சேர்ந்த சருகை அள்ள வேண்டும்.

பிறகு அந்த வாயைத் துணியால் அடைத்து, தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குள் ஈரத் திட்டு தெரிந்தால், அதற்கு நேர் மேலேதான் விரிசல் என்று முடிவுகட்டக் கூடாது. தண்ணீர் தட்டோட்டுக்கு அடியிலேயே ஓடி வேறிடத்தில் இறங்கும் கள்ளன். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை முதலில் சந்தேகிக்கலாம். அங்கே அரசங்கன்று முளைத்திருந்தால் ஒடித்தால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும்.

வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெப்பம் குறையும்; ஒழுகல் நிற்காது. விரிசலை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பின் வாட்டர்புரூஃப் பூச்சு அடிப்பதே வழி.